முழங்கால் விஷயம்

"வெளிப்பக்கமாவே இழுத்துக்கிட்டுப் போ, நிவன். அந்த ஆளுக்கு இடது முழங்கால் போயிடுச்சு. அந்தப் பக்கம் திரும்ப முடியாது." மரத்தடுப்புக்கு அப்பால் யாரோ சொன்னார்கள். இடைவேளை நேரம். நான் தடுப்புக்கு இந்தப் பக்கம், பார்வையாளர் மாடத்துக்குப் பின்னால் இருக்கும் கழிப்பிடத்தில், ஈரச் சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தேன். "யார் சொன்னா?" என்று இளம் குரல் ஒன்று கேட்டது. "தெரிஞ்சவங்க சொன்னாங்க. உனக்கெதுக்கு அது? போ." அவ்வளவுதான். தீக்குச்சி உரசும் சத்தம், புகையிலை வாசனை, பிறகு பூட்ஸ்கள் கல்தரையில் நடந்து போகும் சத்தம். இப்போது இரண்டாம் பாதி தொடங்கி நாலைந்து நிமிடம் ஆகியிருக்கும். பந்து அந்தக் கோடியில், போர்ட் லார்ன் அணியின் கோல் பக்கம் கிடந்து உருள்கிறது. நான் இந்தக் கோடியில், இடது பின்வரிசையில், கணுக்கால் வரை சேற்றில் நிற்கிறேன். இரண்டு பக்கமும் இன்னும் கோல் இல்லை. எல்லாரும் அந்தப் பக்கம் பார்க்கிறார்கள். பந்து அங்கே இருக்கும்வரை என்னை யாரும் பார்ப்பதில்லை. பின்வரிசைக்காரனுக்குக் கிடைக்கும் ஓய்வு இதுதான், இத்தனை ஆயிரம் பேர் நடுவில் தனியாக நிற்பது. இந்த நேரத்தில் நான் எதையாவது யோசித்துக்கொண்டிருப்பேன், சாப்பாட்டைப் பற்றி, கூரையில் ஒழுகும் இடத்தைப் பற்றி. இன்று ஒன்றே ஒன்றுதான். தெரிந்தவர்கள் சொன்னார்களாம். எனக்குத் தெரிந்து, என் முழங்கால் விஷயம் தெரிந்தவர்கள் மூன்று பேர்தான். மூன்றாவது ஆள் இதோ எனக்கு வலப்பக்கம் முப்பது அடி தள்ளி நின்று மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கிறான்.

இல்லை, அவனாக இருக்காது, முதலில் மற்ற இருவரையும் பார். எலும்பு வைத்தியர் ஒருவர். எல்ஸ்பெத் ஒருத்தி. வைத்தியருக்கு நான் யாரென்றே தெரியாது. டிசம்பரில் உறைந்த தரையில் கால் மாட்டிக்கொண்டு உள்ளே ஏதோ ஒன்று, ஈரக்குச்சி முறிகிற மாதிரி, சத்தம்கூட இல்லை, ஒரு மாதிரி உணர்வு, அவ்வளவுதான், எழுந்து ஆடிவிட்டேன், ஆட்டம் முடிகிறவரை ஆடினேன். மறுநாள் காலை கட்டிலிலிருந்து காலை இறக்க முடியவில்லை. கிளப்பின் வைத்தியரிடம் போனால் அன்றே டைரக்டர்களுக்குத் தெரிந்துவிடும். அதனால் அந்த மூன்றாவது ஆள், சாண்டிதான் சொன்னான், கில்மாரனில் ஒரு வைத்தியர் இருக்கிறார், ரயிலில் ஒன்றரை மணி நேரம், நம்மை யாருக்கும் அங்கே தெரியாது என்று. கூடவே வந்தான். அவர் வாசலில் நின்று பெயர் கேட்டபோது எனக்கு நாக்கு எழவில்லை, பொய்ப்பெயர் ஒன்றும் ஓடி வரவில்லை. சாண்டிதான் முந்திக்கொண்டு "பிர்னி. சாண்டி பிர்னி" என்று தன் பெயரைச் சொன்னான். திரும்பி வரும்போது ரயிலில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். "பத்திரமா பாத்துக்கடா, என் முழங்கால் அது," என்றான். அந்த வைத்தியரைப் பொறுத்தவரை சாண்டி பிர்னிக்குத்தான் முழங்கால் போய்விட்டது. அப்படியென்றால் அவர் சொல்லியிருக்க முடியாது. அப்படியென்றால் எல்ஸ்பெத். என் மனைவி. அவள் யாரிடம் சொல்வாள்? இரவில் எனக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாள், துணியை நெருப்பருகே காயப்போடுகிறாள், அந்தத் துணியை யாராவது பார்த்திருப்பார்களா? மாடிப்படியில் பேசும் பெண்கள்? நேற்று நான் உள்ளே நுழைந்தபோது அவளும் பக்கத்து வீட்டுக்காரியும் பேச்சை நிறுத்தினார்களே. நிறுத்தினார்களா, இல்லை பேச்சு தானாக முடிந்ததா? எனக்கு ஏன் அவள் மேல் சந்தேகம் போகிறது? அவள் மேல் போகட்டும் என்று நான்தான் தள்ளிவிடுகிறேன். அவளாக இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. இது எவ்வளவு கேவலம், கட்டியவள் காட்டிக்கொடுத்தால் பரவாயில்லை, கூட நிற்கிறவன் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று ஒருவனுக்குத் தோன்றுவது.

பந்து வருகிறது. உயரமாக, காற்றில் தள்ளாடி, நடுவரிசையில் யாரோ தலையால் முட்ட அது போர்ட் லார்னின் ஓர ஆட்டக்காரன் நிவனிடம் போய் விழுகிறது. சிவந்த கழுத்து, ஒல்லி உடம்பு, இருபது வயதுகூட இராது. முதல் பாதி முழுக்க உள்பக்கமாகவே வெட்டி வந்தான், நானும் வலது காலால் சாவகாசமாகப் பறித்து அனுப்பிக்கொண்டிருந்தேன். இப்போது அவன் கண் ஒரு நொடி என் முகத்தில் இல்லாமல் என் காலில் விழுந்து எழுகிறது. மாட்டுச் சந்தையில் அப்படிப் பார்ப்பார்கள். வெளிப்பக்கம் போகப்போகிறான் என்று எனக்குத் தெரியும், தெரிந்ததால் முன்கூட்டியே அங்கே போய் நின்றுவிட்டேன். அவன் வந்து என் நெஞ்சில் மோதினான், பந்து எல்லைக்கோட்டுக்கு வெளியே போனது. கூட்டம் கைதட்டுகிறது. கூட்டம் நின்று பார்க்கும், கரிச்சாம்பல் கொட்டிய மேட்டிலிருந்து ஒரு குரல்: "ஏ கதவு! இந்தப் பக்கம் கீலு கிறீச்சிடுது, எண்ணெய் போடு!" சிரிப்பு. கதவு என்பது இந்த ஊரில் என் பட்டப்பெயர். பதினொரு சீசனாக ஆர்டன்மூரின் கதவு. கீலு என்கிறானே, அவனுக்கும் தெரியுமா? ஊருக்கே தெரியுமா? சும்மா சொல்கிறான், கதவென்றால் கீலு, வேறென்ன சொல்வான். ஆனாலும் திரும்பிப் பார்க்கிறேன். தொப்பிகள், தொப்பிகள், பாதி முகம் கரி. இரண்டாம் எண் சுரங்கத்தின் காலை ஷிப்ட் முடிந்து குளிக்காமல் நேராக வந்தவர்கள். நானும் அப்படி வந்து நின்றவன்தான், இருபத்தொரு வயது வரை. இருபத்தொரு வயதில் ஒரு சனிக்கிழமை நிலக்கரி எடை போடும் கொட்டகையில், கை கழுவக்கூட விடாமல் கிளப்காரர்கள் கையெழுத்து வாங்கினார்கள். தாளில் என் கட்டைவிரல் கரி அப்படியே பதிந்தது. அதற்குப் பிறகு நான் கீழே இறங்கவில்லை.

இன்று மாடத்தில் எல்லா டைரக்டர்களும் வந்திருக்கிறார்கள், கம்பளிக் கோட்டு, கையுறை, ஏழு பேர். ஏப்ரல் கடைசியில் பட்டியல் வரும், யார் அடுத்த சீசனுக்கு இருக்கிறார்கள், யார் இல்லை என்று. வெறும் ஒரு தாள், அலுவலகக் கதவில் நான்கு ஆணி. முப்பத்திரண்டு வயதில் அந்தத் தாளில் பெயர் இல்லாதவனை வேறு எந்தக் கிளப்பும் கூப்பிடாது. பிறகு எனக்குத் தெரிந்தது சுரங்கம்தான். கூண்டு இறங்கும்போது வயிறு மேலே வந்து தொண்டையில் நிற்குமே, அது. அங்கே கீழே நிமிர்ந்து நிற்க இடம் கிடையாது. மண்டியிட்டு, பக்கவாட்டில் படுத்து வெட்ட வேண்டும். மண்டியிட்டு என்று நினைத்த உடனே இடது காலில் ஊசி ஏறுகிறது. நினைப்பு போதும் அதற்கு. மே மாதம் வரை மறைத்துவிட்டால் போதும், கோடையில் ஆறிவிடும் என்று சாண்டி சொன்னான். உன் பக்கம் நான் கொஞ்சம் சாய்ந்து நிற்கிறேன், யாருக்கும் தெரியாது என்றான். சாய்ந்துதான் நிற்கிறான், மூன்று மாதமாக. இதோ இப்போதும்.

ஆறு வருஷம். அதற்கு முன் ஐந்து வருஷம் வேறு வேறு ஆட்களுடன் ஆடினேன், அவர்கள் முகம்கூட மறந்துவிட்டது. சாண்டி வந்த பிறகுதான் நான் ஆட்டக்காரன் ஆனேன். பின்வரிசையில் இரண்டு பேர் என்பது வெளியே இருப்பவர்களுக்குப் புரியாது. பந்தை ஒருவன் முன்னால் தட்டிவிடும் அந்த நொடியில், அதை வாங்கப்போகிறவனுக்கும் கோல் கோட்டுக்கும் நடுவே எதிரணியில் மூன்று பேராவது இருக்க வேண்டும் என்பது சட்டம். கோல்கீப்பர் ஒருவன். சாண்டி ஒருவன். நான் ஒருவன். சரியான நொடியில் எங்களில் ஒருவன் மட்டும் முன்னால் ஏறிவிட்டால் நடுவே இரண்டு பேர்தான் மிச்சம், ஆஃப்சைட், ரெஃப்ரி ஊதிவிடுவார். ஓட வேண்டாம், மோத வேண்டாம், ஒரு எட்டு முன்னால் போனால் போதும். ஆனால் அது ஒரு கண் இமைப்பு முந்தினாலும் பிந்தினாலும் கதை முடிந்தது. பின்னால் நிற்கிறவனுக்கு எல்லாம் தெரியும், முன்னால் ஏறுகிறவனுக்கு எதுவும் தெரியாது. சாண்டி பின்னால் நிற்பான். "ஹூப்" என்பான், தொண்டையிலிருந்து, மாட்டை ஓட்டுகிற மாதிரி. நான் ஏறுவேன். திரும்பிப் பார்க்க மாட்டேன். பார்த்தால் பிந்திவிடும். ஆறு வருஷமாக ஒரு வாரத்துக்குப் பத்து முறை, பதினைந்து முறை அந்தக் குரலுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு கால் எடுத்து வைத்திருக்கிறேன். எல்ஸ்பெத் சொன்னால்கூட ஏன் என்று கேட்பேன். அவனிடம் கேட்டதில்லை.

நான் கோல் போட்டதே இல்லை. பதினொரு சீசனில் ஒன்றும் இல்லை, எங்கள் கோலுக்குள்ளேயே தவறித் தட்டிய ஒன்றைத் தவிர. அதுதான் பத்திரிகையில் என் பெயர் தனி வரியாக வந்த ஒரே நாள். பின்வரிசைக்காரன் பெயர் தப்பு செய்தால்தான் அச்சில் வரும், நல்லபடியாக ஆடினால் வராது. எல்ஸ்பெத் முன்பெல்லாம் தாளை விரித்துத் தேடுவாள், "உங்க பேரு இல்லைங்க" என்பாள், நான் "நல்லது" என்பேன். ஒரே ஒருமுறை நாட்டுக்காக என்னைக் கூப்பிட்டார்கள், அயர்லாந்துக்கு எதிராக. கப்பலில் போனேன், வாந்தி எடுத்தேன், பெல்ஃபாஸ்டில் கோட்டைக் கழற்றாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன். ஆட்டம் தொடங்கும் முன் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போனால் ஆட வேண்டியவன் நான். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, எல்லாரும் நன்றாகச் சாப்பிட்டார்கள். அந்தச் சாப்பாட்டு மேஜையில் அத்தனை கத்தி முள்கரண்டி, எதை எடுப்பதென்று தெரியாமல் பக்கத்தில் இருந்தவன் எதை எடுக்கிறான் என்று பார்த்து எடுத்தேன். அன்று சாண்டி கூட இருந்திருந்தால் அவன் கையைப் பார்த்து எடுத்திருப்பேன். என்ன இது, எங்கே தொடங்கினாலும் அவன் கையிலேயே போய் முடிகிறது.

"ஹூப்!"

கேட்டது. நன்றாகக் கேட்டது. நான் திரும்பிப் பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று எனக்குத் தெரியும். அவன் அங்கே இருக்கிறானா, என்னை ஏறச் சொல்லிவிட்டு அவனும் ஏறிவிடுகிறானா, இல்லை என்னைத் தனியாக விட்டுவிட்டுச் சும்மா நின்று பார்க்கப் போகிறானா என்று. அவன் எப்போதும் நிற்கும் இடத்தில், எப்போதும் நிற்கும்படி, முழங்கால் மடித்து நின்றான். எங்கள் கண்கள் சந்தித்தன. அதற்குள் பந்து என்னைத் தாண்டிப் போயிற்று, நிவன் பின்னாலேயே பறக்கிறான், ரெஃப்ரி ஊதவில்லை. எப்படி ஊதுவார், நான் ஏறவில்லையே. எங்கள் கோல்கீப்பர் டூகல் பெருத்த உடம்பை அப்படியே முன்னால் தூக்கிப் போட்டான், பந்து அவன் மாரில் பட்டுத் தெறித்தது, மூச்சு 'ஹக்' என்று வெளியே வந்தது. எழுந்து உட்கார்ந்து சட்டையிலிருந்து சேற்றை வழித்துக்கொண்டே, "என்னை ஞாபகம் வெச்சிருக்கீங்களே, ரொம்ப சந்தோஷம். நாலு மாசமா பந்தையே பாக்கலை," என்றான். யாரும் சிரிக்கவில்லை. சாண்டி என்னை நோக்கி நாலு எட்டு வந்தான்.

"கூப்பிட்டேன் இல்ல?"

"கேட்டுச்சு."

"கேட்டுச்சா? அப்புறம் என்ன பாத்துக்கிட்டு நின்ன, என் மூஞ்சில என்ன எழுதியிருக்கு?"

எழுதியிருந்ததா என்றுதான் நானும் பார்த்தேன். பழுப்பு மீசை, அதில் மழைத்துளி, பிளந்து தைத்த புருவம். அந்தப் புருவம் பிளந்த அன்று ரத்தம் வழிய அவனை நான்தான் தோளில் சாய்த்து வெளியே கூட்டிப் போனேன், வழியெல்லாம் ஒரு அசிங்கமான பாட்டைப் பாடிக்கொண்டே வந்தான், டைரக்டர்களின் மனைவிமார் காதில் விழும்படியாக. முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. ஆனால் ஒன்று இருந்தது, இப்போது யோசித்தால் தெரிகிறது. நான் திரும்பிப் பார்த்ததும் அவன் ஆச்சரியப்பட்டிருக்க வேண்டும். ஆறு வருஷமாகத் திரும்பாதவன் திரும்பினால் யாராக இருந்தாலும் ஆச்சரியப்படுவார்கள். அவன் படவில்லை. கண்ணைத் தாழ்த்தினான். அப்படித் தாழ்த்தினானா? எனக்கு வேண்டியபடி நானே அவன் கண்ணைத் தாழ்த்திக்கொள்கிறேனா? ஒரு நொடி, மழை வேறு. கில்மாரன் ரயில் பெட்டியில் அவன் சிரித்த சிரிப்பையும் இப்போது எடுத்துப் பார்க்கிறேன், அதிலும் ஏதாவது இருந்ததா என்று. ஒன்று சந்தேகமானால் அதற்கு முன்னால் போன எல்லாவற்றையும் மறுபடி சோதிக்க வேண்டியிருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை ஏன் அவன் என் வீட்டுக்குச் சாப்பிட வரவில்லை? அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை, சர்ச்சுக்குப் போடும் நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு எங்கே போனான்? ஸ்டேஷன் தெருவில் பார்த்தேனே, கையைத் தூக்கினேன், அவன் பார்க்காத மாதிரி போனான், பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். ஸ்டேஷன் தெருவில் ஒரு ஹோட்டல் இருக்கிறது. வெளியூர் கிளப்காரர்கள் ஆட்களைப் பார்த்துப் பேச வந்தால் தங்குவது அங்கேதான். இது ஊரில் எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். செவ்வாய்க்கிழமையும் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கத்தான் தெரியவில்லை.

யாரோ கண்மண் தெரியாமல் உதைத்த உதையில் பந்து மாடத்துக்கு மேலாகப் பறந்து மதிலுக்கு அப்பால் ரயில் பாதைப் பக்கம் போய் விழுந்துவிட்டது. வேறு பந்து இல்லை. காத்திருக்க வேண்டும். ரெஃப்ரி கடிகாரத்தைப் பார்க்கிறார், லைன்ஸ்மேன் மதிலேறி எட்டிப் பார்த்து அங்கே வேலை செய்கிற யாரையோ கூப்பிடுகிறார். ஆட்டக்காரர்கள் உடம்பு ஆறாமல் இருக்கக் குதிக்கிறார்கள். நான் குதிக்கவில்லை. சாண்டியும் குதிக்கவில்லை. கூட்டம் பாட்டுப் பாடத் தொடங்குகிறது, அந்த இரைச்சலில் நாங்கள் பேசுவது யாருக்கும் கேட்காது. நான் அவனிடம் நடந்து போனேன். முப்பது அடி. இத்தனை வருஷத்தில் அந்த இடைவெளியை ஆட்டத்தின் நடுவே நான் நடந்து கடந்தது இதுதான் முதல்முறை என்று கால் சொல்கிறது.

"செவ்வாய்க்கிழமை யாரைப் பாத்த?"

தூக்கிவாரிப் போடவில்லை அவனுக்கு. மீசையைத் துடைத்தான். "இங்கயா கேக்கணும்?"

"வேற எங்க?"

"ஆட்டம் முடியட்டும், ஹியூ."

"நிவனுக்குத் தெரிஞ்சிருக்கு. இடைவேளையில என் காதுல விழுந்துச்சு. வெளிப்பக்கமா போகச் சொல்றாங்க."

இதற்குத்தான் அவன் முகம் மாறியது. உண்மையாகவே மாறியது. "இன்னிக்கேவா?" என்றான். "கடவுளே. அடுத்த சீசனைப் பத்தித்தான்டா பேச்சு. இன்னிக்கு ஆட்டத்தைப் பத்தி யாரும் பேசலை." பிறகு, நான் ஒன்றும் கேட்காமலே, வேகமாக, சேற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னான். போர்ட் லார்ன்காரர்கள் வந்தார்கள். பின்வரிசைக்கு இரண்டு பேரையும் சேர்த்தே கேட்டார்கள். "நம்ம ரெண்டு பேரையும்தான், ஜோடியா. பிர்னியும் லெகட்டும் ஒண்ணா இருந்தாத்தான் வேலைக்காகும்னு அவங்க வாயாலயே சொன்னாங்க. அப்புறம் அவங்க கூட வந்த கிழவர் நேரா கேட்டார், ஹியூ. லெகட் காலெல்லாம் நல்லா இருக்கான்னு. என் மூஞ்சியைப் பாத்துக் கேட்டார். நான் என்ன சொல்ல? நாளைக்கு அங்க போய் நீ மூணாவது ஆட்டத்துல விழுந்தா, தெரிஞ்சே மறைச்சேன்னு என்னையும் சேத்து வெளிய தள்ளுவாங்க."

"அதனால சொல்லிட்ட."

"கேட்டாங்க. சொன்னேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. என்னை மட்டும் எடுத்துக்கிட்டாங்க." பூட்ஸில் ஒட்டிய சேற்றைத் தரையில் தேய்த்தான். "உங்கிட்ட நானே சொல்லணும்னு இருந்தேன். எல்ஸ்பெத் எதிர்ல எப்படிச் சொல்றதுன்னுதான் ஞாயித்துக்கிழமை வரலை."

மதிலுக்கு அப்பாலிருந்து ஒரு ரயில்வே தொழிலாளி பந்தை எறிந்தான், அது மாடத்துக் கூரையில் ஒரு குதி குதித்து உள்ளே விழுந்தது, கூட்டம் அவனுக்குக் கைதட்டியது. நான் என் இடத்துக்குத் திரும்பி வந்தேன். ஜோடியாகக் கேட்டார்கள். இதை நினைக்கும்போது முதலில் எனக்குள் ஏதோ ஒன்று சந்தோஷப்பட்டது, அதை நான் ஒப்புக்கொள்ள வேண்டும், பிர்னியும் லெகட்டும் என்று அவர்கள் சொன்னார்களாம். அந்தச் சந்தோஷம் அடங்குவதற்குள் மற்றது வந்தது. அவன் பொய் சொல்லியிருக்க வேண்டாம். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அவனையே கேளுங்கள் என்று சொல்லியிருக்கலாம். ஏதாவது தமாஷ் சொல்லிப் பேச்சை மாற்றியிருக்கலாம், அதில் அவன் கெட்டிக்காரன். வைத்தியர் வாசலில் ஒரு நொடியில் பொய் சொன்னவன், என் காலுக்குத் தன் பெயரையே கொடுத்தவன். அங்கே வந்த பொய் இங்கே ஏன் வரவில்லை? அங்கே பொய் சொன்னால் அவனுக்கு ஒன்றும் போகாது. அவ்வளவுதானா? ஆறு வருஷத்தின் கணக்கு அவ்வளவு சின்னதா? இல்லை, இப்படி யோசி: அவன் இடத்தில் நீ. அந்தக் கிழவர் உன் முகத்தைப் பார்க்கிறார். பிர்னியின் கால் எப்படி என்கிறார். நீ என்ன சொல்வாய்? யோசிக்க யோசிக்க என் வாய் மூடியே இருக்கிறது. திறக்கவில்லை. எவ்வளவு நேரம் நினைத்துப் பார்த்தாலும் திறக்கவில்லை. அது எனக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுக்கிறதா, இல்லை எனக்கு நாக்கு எழாது என்பதைத்தான் காட்டுகிறதா, தெரியவில்லை.

நிவன் வந்தான். வெளிப்பக்கம். நான் முன்கூட்டியே போய் நின்றேன், இந்தமுறை அவன் அதை எதிர்பார்த்து உள்ளே வருவது போல ஒரு தோள் காட்டிவிட்டு மறுபடி வெளியே போனான். திரும்பினேன். முழங்கால் திரும்பவில்லை. மேலே நான் திரும்பிவிட்டேன், கீழே கால் அங்கேயே சேற்றில் நின்றது, நடுவில் ஏதோ ஒன்று கதவிடுக்கில் விரல் மாட்டியது போல. விழவில்லை. விழாமல் நின்றேன் என்பதில் எனக்குப் பெருமைகூட வந்தது, அதற்குள் அவன் கோட்டருகே போய்ப் பந்தை நடுவே தட்ட, அவர்கள் ஆள் ஒருவன் சும்மா காலை நீட்டினான். கோல். டூகல் வலையிலிருந்து பந்தை எடுத்து நடுவே எறிந்தான். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

இன்னும் இருபது நிமிடம். ஆடிவிடலாம். நான் நிவனை விட்டுத் தள்ளி நிற்கிறேன், இடம் கொடுத்துத் தடுக்கிறேன், வெளிப்பக்கம் போனால் போகட்டும், போய் என்ன செய்வான், சாண்டி கொஞ்சம் சாய்ந்தால் போதும், டிசம்பரிலிருந்து அப்படித்தானே. டைரக்டர்களுக்கு ஒரு கோல் ஒன்றும் பெரிதில்லை, வழுக்கிவிட்டது என்று நினைப்பார்கள், சேறு. சேறு என்று சொல்லிவிடலாம். பட்டியலுக்கு இன்னும் ஐந்து வாரம். ஐந்து வாரத்தில், ஒத்தடம் கொடுத்து, பயிற்சிக்குப் போகாமல் சளி என்று சொல்லி... பந்து நடுவே வைக்கப்படுகிறது. ரெஃப்ரி விசிலை வாய்க்குக் கொண்டுபோகிறார். சாண்டி கையைத் தூக்கி அவரை நிறுத்துகிறான். அவன் கேப்டன், நிறுத்தலாம். பிறகு அதே கையை நீட்டி, முதலில் என்னைக் காட்டினான், அடுத்து அந்தக் கோடியை, முன்வரிசையின் இடது ஓரத்தை. நடுவரிசை ஆள் ஒருவனை என் இடத்துக்கு வரச் சொன்னான்.

அடிபட்டவனுக்குப் பதிலாக வேறு ஆளை இறக்கச் சட்டம் கிடையாது. அதனால் நாடு முழுக்க ஒரே வழக்கம்தான்: உதவாமல் போனவனை ஓரத்தில், விங்கில் கொண்டுபோய் நிறுத்துவார்கள். அங்கே அவன் நொண்டிக்கொண்டு நிற்பான், பந்து வந்தால் வந்தது. சின்னக் குழந்தைக்குக்கூட அதன் அர்த்தம் தெரியும். கேப்டன் கை நீட்டினால் அந்த ஆள் தீர்ந்தான். கீழே விழுந்து புரண்டவனைத்தான் அனுப்புவார்கள், தூக்கிக்கொண்டுபோய் நிறுத்துவார்கள். நான் நின்றுகொண்டிருக்கிறேன். நிமிர்ந்து நிற்கிறேன். யாருக்கும் ஒன்றும் தெரியாது. இந்தக் கை நீளும்வரை யாருக்கும் தெரியாது. மாடத்தைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்க்கிறேன். ஏழு கம்பளிக் கோட்டுகளில் ஒருவர் பக்கத்தில் இருப்பவர் பக்கம் குனிகிறார். அந்த இன்னொருவர் தலையை ஆட்டுகிறார். அவ்வளவுதான், அது நடந்துவிட்டது, ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டாம். அங்கே ஹோட்டல் அறையில் ஒருவரிடம் வாயால் சொன்னான், இங்கே எல்லாரிடமும் கையால் சொல்கிறான். ஆட்டத்துக்காகச் செய்கிறான், ஒரு கோல் பின்தங்கியிருக்கிறோம், கேப்டன் செய்ய வேண்டியதைச் செய்கிறான், வேறு யாராக இருந்தாலும் இதையே செய்வான், நான் கேப்டனாக இருந்தால் நானும் இதையே. இதை நான் எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே சாண்டி சத்தம் போடாமல், வாயை மட்டும் அசைத்து, "போ ஹியூ" என்கிறான். அன்பாகச் சொல்கிறான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

போகிறேன். ஓடச் சொன்னால் ஓடியிருப்பேன், யாரும் சொல்லவில்லை, நடக்கிறேன். நடுக்கோட்டைத் தாண்டும்போது மைதானம் வேறு மாதிரி இருக்கிறது, பதினொரு வருஷமாக இந்தப் பாதியை நான் தூரத்திலிருந்தே பார்த்தவன். இங்கே புல் இருக்கிறது. நிஜமாகவே புல், எங்கள் பக்கம் போலச் சேறில்லை. போர்ட் லார்னின் வலது பின்வரிசைக்காரன், என் வயதுதான் இருக்கும், காது பிய்ந்தவன், நான் வருவதைப் பார்த்து ஒதுங்கி நின்று, "எந்தக் கால்?" என்று கேட்கிறான். "இடது" என்கிறேன். "எனக்கு வலது. எங்க ஆளுங்ககிட்ட சொல்லிடாதீங்க," என்று கண்ணைச் சிமிட்டுகிறான். முன்பின் தெரியாத என்னிடம் சொல்லிவிட்டான். சொல்லமாட்டேன். யாரிடம் சொல்வேன். விசில் ஊதிவிட்டார்கள். பந்து அந்தப் பக்கம் போகிறது, எங்கள் கோல் பக்கம், எல்லார் தலையும் திரும்புகிறது. சாண்டியின் பக்கத்தில் நடுவரிசை ஆள் நிற்கிறான், எங்கே நிற்பதென்று தெரியாமல் ரொம்பக் கிட்டே நிற்கிறான், சாண்டி கையால் தள்ளி நிற்கச் சொல்கிறான். இன்னும் தள்ளி. இன்னும். சரி, அங்கேதான்.

எல்லைக்கோட்டின் சுண்ணாம்பு என் பூட்ஸுக்கு அடியில் இருக்கிறது. நான் கோட்டைத் தாண்டினேன். கூட்டத்தைத் தடுக்கக் கட்டியிருந்த கயிற்றைத் தூக்கி அதற்கு அடியில் குனிந்தேன், கால் வலித்தது, கையை ஊன்றி எழுந்து கரிச்சாம்பல் மேட்டில் இரண்டு எட்டு ஏறினேன். லைன்ஸ்மேன் ஏதோ கத்தினார். மைதானத்தின் பக்கம் திரும்பி நின்றேன். பக்கத்தில் நின்ற ஆள், கழுத்து வரை கரி, கையில் சாப்பாட்டுத் தூக்கு, என் முகத்தைப் பார்க்காமல் ஆட்டத்தைப் பார்த்தபடியே, ஓரடி நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.